லினக்ஸ் வரைக்கும் வந்து நின்ற ஐந்து சிஸ்டங்கள்: திருப்பூர் தையல் கூடத்தில் ஒரு நெட்வொர்க் பூட் பழுது

2022 மே மாதம், ஒரு புதன்கிழமை ராத்திரி. கோடை மழை இடியும் மின்னலுமாக அடித்து ஓய்ந்தது. மறுநாள் காலையில் திருப்பூர் அவிநாசி சாலைப் பக்கம் உள்ள ஒரு பனியன் கம்பெனியில் ஐந்து சிஸ்டங்கள் உயிரே இல்லாமல் கிடந்தன. கட்டிங் கட்டடத்துக்கும் தையல் கூடத்துக்கும் இடையே வெட்டவெளியில் ஒரு லேன் கேபிள் போகிறது. மின்னலின் வேகம் அந்தச் செம்புக் கம்பி வழியாக வந்து ஒரு ஸ்விட்சையும் அதில் செருகியிருந்த ஐந்து மதர்போர்டுகளையும் சாப்பிட்டுவிட்டது. அது வெறும் தொடக்கம். நான் எழுத வந்தது அதற்குப் பிந்தைய இரண்டு நாள் கதையை.

அங்கே மொத்தம் 24 சிஸ்டங்கள். எதிலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஏன் என்று கேட்பவர்களைத் தையல் கூடத்துக்குள் ஒரு மணி நேரம் நிற்கச் சொல்வேன். ஓவர்லாக் மெஷின்கள் துணி ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும்போது பறக்கும் பஞ்சு, தலைமுடி முதல் டீ டம்ளர் வரை எல்லாவற்றிலும் படியும். அது ஃபேனில் சுற்றி, பெட்டிக்குள் சூடு ஏறி, நாங்கள் ஆரம்பத்தில் போட்ட ஹார்ட் டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. அதனால் 2018ல் டிஸ்க்கையெல்லாம் கழற்றிவிட்டு, அலுவலக அறையில் கதவு சாத்திய இடத்தில் ஒரே ஒரு சர்வர் வைத்து, எல்லாச் சிஸ்டமும் நெட்வொர்க் வழியாக அதிலிருந்தே பூட் ஆகும்படி செய்தேன். டெபியன் 9 என்ற லினக்ஸ் தொகுப்பு, அதன் மையமான 4.9 கர்னல், சிஸ்டம் ஓடத் தேவையான கோப்புகள் எல்லாம் (ரூட் கோப்பமைப்பு) சர்வரிலிருந்து என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறை வழியாக. நாலு வருடம் தொந்தரவில்லாமல் ஓடியது.

ஒவ்வொரு லைன் முடிவிலும் ஒரு சிஸ்டம், ஒரு பார்கோடு ஸ்கேனர். தைத்து முடித்த பண்டிலை அங்கே ஸ்கேன் செய்வார்கள். யார் எத்தனை பீஸ் தைத்தார் என்ற கணக்கு அதில்தான் ஏறுகிறது, சனிக்கிழமை சம்பளம் அந்தக் கணக்கில்தான் வருகிறது. ஆகவே வியாழக்கிழமை ஐந்து சிஸ்டம் படுத்தால் அது ஏதோ கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று தள்ளிவிட முடியாது. ஐந்து லைன் டெய்லர்களின் வாரக்கூலி அதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. "எங்க கணக்கு போயிருமுங்களாண்ணா?" என்று ஒரு அக்கா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. போகாது, ஸ்கேன் ஆனதெல்லாம் சர்வரில் பத்திரமாக இருக்கிறது என்றேன். இனி தைப்பதை அதுவரைக்கும் நோட்டில் எழுதி வையுங்கள் என்றும் சொன்னேன்.

வியாழன் மதியமே கடையிலிருந்து புது போர்டு, ப்ராசஸர், ரேம் வந்துவிட்டன. பழைய ப்ராசஸருக்குப் பொருந்தும் போர்டு இப்போது கிடைப்பதில்லை என்பதால் மூன்றுமே புதுசு. "லேன் சிப் என்னன்னு பாத்தீங்களா தம்பி?" என்று கேட்டேன். "அதே ரியல்டெக் தானுங்ணா" என்றார். அவர் சொன்னது உண்மை. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

முதலில் ஒரு சின்ன முடிச்சு. புது போர்டுகள் யுஇஎஃப்ஐ முறையில்தான் பூட் ஆகும். போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரலான ஃபர்ம்வேரில் இது புதிய வகை, பயாஸ் பழைய வகை. என் சர்வரோ எல்லோருக்கும் பழைய பயாஸ் காலத்து பிஎக்ஸ்இலினக்ஸ் என்ற பூட் கோப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தது. கோப்பு இறங்கிவிட்டது என்று திரையில் வரும், உடனே பூட் மெனுவுக்குத் திரும்பிவிடும். இதற்கு வழி தெரிந்ததுதான். பூட் ஆகும் சிஸ்டம் டிஹெச்சிபி வழியாகத் தனக்கு ஐபி முகவரி கேட்கும்போதே 93ஆம் எண் விருப்பத்தில் தான் எந்த வகை என்று சொல்லும். 0 என்றால் பழைய பயாஸ், 7 என்றால் 64 பிட் யுஇஎஃப்ஐ. சர்வரில் அதற்குப் பதில் தரும் டிஎன்எஸ்மாஸ்க் நிரலின் அமைப்பில் இரண்டு வரி சேர்த்து, 7 என்று வருபவர்களுக்கு ஐபிஎக்ஸ்இ என்ற பூட் லோடரின் (கர்னலை இறக்கித் தரும் நிரல்) எஸ்என்பிஒன்லி கோப்பைக் கொடுத்தேன். அரை மணி நேர வேலை.

அடுத்த பூட்டில் கர்னல் இறங்கியது, அதோடு வரும் தொடக்கக் கோப்புப் பொட்டலமான இனிட்ராம்எஃப்எஸ் இறங்கியது, லினக்ஸ் எழுத்துகள் ஓடின, நின்றன. ஐந்திலும் ஒரே இடத்தில். கம்பெனியில் சிஸ்டம் பார்க்கும் பையன் தெளிவாகச் சொன்னான்: "லினக்ஸ் வரைக்கும் வருதுங்ணா, அப்புறம் அப்படியே நின்னுக்குதுங்க. நெட்வொர்க் நல்லாத்தான இருக்குது, அது வழியாத்தான வந்துச்சு?"

இந்தக் கேள்விதான் இந்தப் பழுதின் மையம். நெட்வொர்க் பூட்டில் கைவைக்கும் எவரும் ஒரு நாள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள்.

ஒரே கார்டு, கைமாறும் டிரைவர்கள்

நெட்வொர்க் வழியாக பூட் ஆகும் சிஸ்டத்தில் லேன் கார்டை ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே டிரைவர் (கார்டை இயக்கும் நிரல்) ஓட்டுவதில்லை. சிஸ்டத்தை ஆன் செய்ததும் ஓட்டுவது போர்டின் ஃபர்ம்வேரிலேயே இருக்கும் டிரைவர். நெட்வொர்க் பூட்டுக்காக இன்டெல் 1999ல் வெளியிட்ட பிஎக்ஸ்இ 2.1 வரையறையில் இதற்கு யுஎன்டிஐ என்று ஓர் இடைமுகம் உண்டு. உள்ளே எந்த சிப் இருந்தாலும் சரி, 'இந்தப் பொட்டலத்தை அனுப்பு, வந்ததைக் கொடு' என்று ஒரே மாதிரி கேட்டால் போதும். யுஇஎஃப்ஐயில் இதே வேலையைச் செய்வது எஸ்என்பி. போர்டு தயாரிப்பவர் தன் சிப்புக்கான டிரைவரை ஃபர்ம்வேரிலேயே வைத்து அனுப்பிவிடுவதால், இந்தக் கட்டத்தில் எவ்வளவு புதிய சிப்பும் வேலை செய்யும்.

இரண்டாவது கை, பூட் லோடர். இங்கே இரண்டு பாதைகள். 2010ல் ஜிபிஎக்ஸ்இயிலிருந்து பிரிந்து வந்த ஐபிஎக்ஸ்இயில் நிறைய கார்டுகளுக்குச் சொந்த டிரைவர்கள் உண்டு. அதன் முழுக் கோப்பைக் கொடுத்தால் ஃபர்ம்வேர் டிரைவரை ஒதுக்கிவிட்டுத் தன் டிரைவரால் கார்டை ஓட்டும். அன்டிஒன்லி, எஸ்என்பிஒன்லி என்ற சின்னக் கோப்புகள் அப்படியல்ல. அவை கார்டைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ளாமல் ஃபர்ம்வேரின் டிரைவர் மேலேயே உட்கார்ந்து போகும். நான் கொடுத்தது இந்த வகை. அதனால் இந்தக் கட்டமும் தடையின்றித் தாண்டியது.

மூன்றாவதாக லினக்ஸ் கர்னல். அது பொறுப்பை ஏற்றதும் ஃபர்ம்வேரின் பூட் சேவைகள் மூடப்படும். அதுவரை கார்டை ஓட்டிய டிரைவர் நினைவகத்திலிருந்தே போய்விடும். இனி கர்னலுக்குச் சொந்த டிரைவர் இருந்தால்தான் உண்டு. ஹார்ட் டிஸ்க் உள்ள சிஸ்டமாக இருந்தால் லேன் வராவிட்டாலும் டெஸ்க்டாப்பாவது வரும். இங்கே ரூட் கோப்பமைப்பே கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. டிரைவர் இல்லை என்றால் ஏறி வந்த ஏணி காலடியில் இல்லை.

ஆகவே பையன் கேட்டதற்கான பதில்: நெட்வொர்க் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுவரை ஓட்டி வந்தது வேறு டிரைவர். பிஎக்ஸ்இ பூட் ஆகிறது என்பதை மட்டும் வைத்து அந்தக் கார்டுக்கு லினக்ஸ் ஆதரவு இருக்கிறது என்று சொல்லவே முடியாது.

நின்ற திரையில், கட்டளைகள் தட்டுவதற்கான பிஸிபாக்ஸ் ஷெல் காத்திருந்தது. கீபோர்டு வேலை செய்தது, நல்லவேளை. இணைப்புகளைப் பட்டியலிடச் சொன்னால் கணினி தன்னோடு தானே பேசும் லூப்பேக் ஒன்றுதான் வந்தது. போர்டில் உள்ள சாதனங்களைக் காட்டும் எல்எஸ்பிசிஐ தட்டினேன். வந்த வரிகளில் ஒன்றில் வகை 0200 என்று இருந்தது. அது ஈதர்நெட்டுக்கான எண். பக்கத்திலேயே சிப்பின் அடையாளம்: 10இசி, 8125. 10இசி என்பது ரியல்டெக் நிறுவனத்தின் எண். பழைய 19 சிஸ்டங்களிலும் அதே 10இசிதான், ஆனால் பின்னால் வருவது 8168. ஒன்று ஒரு கிகாபிட் சிப், மற்றது இரண்டரை கிகாபிட். கடைக்காரத் தம்பி சொன்ன பெயர் ஒன்று, கர்னல் பார்க்கும் எண் வேறு.

ஒவ்வொரு கர்னலுடனும் எந்த எண்ணுக்கு எந்த டிரைவர் என்ற பட்டியல் ஒன்று வரும். மாட்யூல்ஸ்.அலையாஸ் என்று பெயர். 4.9 கர்னலின் பட்டியலில் 8125ஐத் தேடினால் எதுவும் இல்லை. இருக்கவும் முடியாது. ரியல்டெக் கார்டுகளுக்கான ஆர்8169 டிரைவருக்குள் 8125 சிப்புக்கான ஆதரவு வந்ததே 5.4 கர்னலில், அதாவது 2019 கடைசியில். அதன் அடுத்த பதிப்பான 8125பி வந்தது 5.9ல்.

வெள்ளிக்கிழமையை ஓட்டியது எப்படி

கர்னலை மாற்றியே ஆக வேண்டும் என்று தெரிந்துவிட்டது. சிப் தயாரிப்பாளரே தரும் தனி டிரைவரைப் பழைய கர்னலுக்கு எனத் தொகுத்துச் சேர்க்கலாமா என்று ஒரு யோசனை ஓடியது. வேண்டாம் என்று முடிவு செய்தேன். கர்னலை மேம்படுத்தும் ஒவ்வொரு முறையும் அதை மறுபடி தொகுக்க வேண்டும், ஒரு தடவை மறந்தால் கூடம் நிற்கும். தவிர புது ப்ராசஸரின் கிராஃபிக்ஸும் அந்தப் பழைய கர்னலுக்குத் தெரியாது. கர்னலுக்குள்ளேயே இருக்கும் டிரைவர்தான் இந்த மாதிரி இடங்களுக்குச் சரி.

ஆனால் கர்னல் மாற்றத்தை ஷிஃப்ட் நடுவில் செய்ய மனம் வரவில்லை. அதற்குள் ஓர் ஒட்டு வேலை செய்தோம். என்னிடம் 8168 சிப் உள்ள பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன் கார்டுகள் மூன்று கிடந்தன. அவற்றைப் புது போர்டில் செருகினால் 4.9 கர்னலுக்கு அது அறிமுகமான முகம். சிக்கல் என்னவென்றால், இந்த மாதிரி விலை குறைந்த கார்டுகளில் பூட் ரோம் இருப்பதில்லை. ஃபர்ம்வேருக்கு அதிலிருந்து பூட் ஆகத் தெரியாது. இங்கேதான் ஐபிஎக்ஸ்இயின் முழுக் கோப்பு கைகொடுத்தது. அதை மூன்று பென் டிரைவில் போட்டு, கையொப்பமில்லாத நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு, பென் டிரைவிலிருந்து கிளப்பினோம். ஐபிஎக்ஸ்இ தன் சொந்த ரியல்டெக் டிரைவரால் அந்தக் கார்டை ஓட்டி, கர்னலை இறக்கி, கர்னலும் தன் ஆர்8169ஐ வைத்து அதே கார்டைப் பிடித்துக்கொண்டது. திரையின் தெளிவு சுமார்தான். ஸ்கேன் கணக்குக்கு அது போதும். வெள்ளி காலை எட்டரைக்கு மூன்று லைன் ஸ்கேனில், இரண்டு லைன் நோட்டில்.

இந்த ஒட்டு வேலையை நினைவில் வைத்திருங்கள். போர்டில் பிஎக்ஸ்இயே இல்லாத பழைய பெட்டிகளுக்கும் இதே வழி உதவும்.

இரண்டாவது பழுது, என் கையால்

வெள்ளி இரவு கூடம் காலியானதும் சிஸ்டங்களுக்கான படிமத்தை டெபியன் 11க்கு ஏற்றினேன். கர்னல் 5.10. அலையாஸ் பட்டியலில் 8125 இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. நிம்மதியாகப் புது சிஸ்டம் ஒன்றை ஆன் செய்தால், அதே இடத்தில் நிற்கிறது.

இன்னும் சிப்பில்தான் ஏதோ, 8125லேயே இன்னொரு பதிப்போ என்னவோ என்று அதன் பின்னால் முக்கால் மணி நேரம் போயிற்று. அப்புறம் வேறு எதையோ ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய சிஸ்டத்தைப் புது கர்னலில் ஆன் செய்தேன். அதுவும் நின்றது. நாலு வருடம் ஓடிய 8168! இந்த ஒரு நிமிடம்தான் மொத்த விசாரணையையும் திருப்பியது. பழைய கார்டும் புதுக் கார்டும் ஒரே இடத்தில் நிற்கின்றன என்றால் குறை கார்டில் இல்லை. நான் கட்டிய இனிட்ராம்எஃப்எஸ் பொட்டலத்தில் இருக்கிறது.

எழுத்துகள் ஓடும் வேகத்தில் படிக்க முடியாது என்பதால் கைப்பேசியில் வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஆர்8169 ஏற்றப்பட்டிருக்கிறது, கார்டைக் கண்டும் பிடித்திருக்கிறது. அதற்கு அடுத்த வரியில், இந்த பிஹெச்ஒய்க்கென்று உள்ள டிரைவர் கிடைக்கவில்லை, ஒருவேளை ரியல்டெக்.கேஓ கோப்பை இனிட்ராம்எஃப்எஸ்ஸில் சேர்க்க வேண்டியிருக்குமோ என்று கர்னலே எழுதியிருந்தது. பழுதையும் சொல்லி மருந்தையும் சொல்லும் செய்திகள் கர்னலில் அபூர்வம். அதை எழுதியவர்களுக்கு அந்த ராத்திரி மனதார நன்றி சொன்னேன்.

விஷயம் இதுதான். லேன் கார்டுக்குள் இரண்டு பாகங்கள். பொட்டலங்களைக் கையாளும் மேக் ஒன்று, கம்பியில் மின்குறிகளை அனுப்பி வாங்கும் பிஹெச்ஒய் இன்னொன்று. 4.9 காலத்தில் ஆர்8169 டிரைவரே இரண்டையும் பார்த்துக்கொண்டது. 4.19ல் பிஹெச்ஒய் வேலை கர்னலின் பொது பிஹெச்ஒய் அடுக்குக்குப் போனது. ரியல்டெக் பிஹெச்ஒய்களுக்கென உள்ள தனி மாட்யூல் (தேவைப்படும்போது கர்னல் ஏற்றும் துணைக்கோப்பு) அங்கே இருக்கிறது. அது இல்லாவிட்டால் இப்போதைய ஆர்8169 கார்டைத் தொடாமல் விலகிவிடும்.

அது ஏன் என் பொட்டலத்தில் இல்லை? 2018ல் இனிட்ராம்எஃப்எஸ்ஸை நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கட்டினேன். தேவையான மாட்யூல் பெயர்களைக் கொடுத்தால், மாட்யூல்ஸ்.டெப் கோப்பைப் படித்து, அது சார்ந்திருக்கும் மாட்யூல்களையும் சேர்த்துக் கட்டும். ஆனால் அந்தக் கோப்பில் இருப்பவை கட்டாயச் சார்புகள் மட்டும், அதாவது ஒரு மாட்யூல் இன்னொன்றின் செயற்கூறுகளை நேரடியாக அழைப்பவை. ஆர்8169 ரியல்டெக் மாட்யூலை நேரடியாக அழைப்பதில்லை. பிஹெச்ஒய்யின் எண்ணைப் படித்த பிறகு அதற்குரிய டிரைவரைப் பொது அடுக்குதான் தேடும். இதை மென்சார்பு என்று வைத்துக்கொள்ளலாம். இது பதிவாகும் கோப்பே வேறு, மாட்யூல்ஸ்.சாஃப்ட்டெப். என் ஸ்கிரிப்ட் அதைத் திறந்தே பார்த்ததில்லை.

அவ்வளவு மெல்லிசாகக் கட்டியதற்கு அன்று காரணம் இருந்தது. அப்போது எல்லாமே டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் முறை வழியாக இறங்கியது. 1992ல் வந்த ஆர்எஃப்சி 1350 சொல்லும் அந்த முறையில் ஒரு துண்டு 512 பைட்டுதான். பின்னால் வந்த நீட்டிப்பால் துண்டு பெரிதானாலும், ஒரு துண்டுக்குப் பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்புவதுதான் வழக்கம். காலை எட்டேகாலுக்கு 24 சிஸ்டமும் ஒன்றாக எழும்போது 100 மெகாபிட் ஸ்விட்சில் ஒவ்வொரு மெகாபைட்டும் கனம். 9 மெகாபைட்டுக்குள் கட்டியதில் அன்று எனக்கு ஒரு பெருமை. பிறகு ஸ்விட்சுகள் கிகாபிட் ஆயின, இப்போது ஐபிஎக்ஸ்இ வந்ததில் ஹெச்டிடிபியில் இறக்கவும் வழி கிடைத்துவிட்டது. காரணம் போய்விட்டது, ஸ்கிரிப்ட் மட்டும் இருந்தது.

அந்த ராத்திரியே ஸ்கிரிப்டைத் தூக்கிப் போட்டேன். டெபியனின் இனிட்ராம்எஃப்எஸ் கருவியில் மாட்யூல்ஸ் என்ற அமைப்புக்கு நெட்பூட் என்று மதிப்புக் கொடுத்தால், டிஸ்க் டிரைவர்களை விட்டுவிட்டு நெட்வொர்க் டிரைவர்களை எடுத்துக் கட்டும். 46 மெகாபைட் ஆயிற்று, ஆகட்டும். இதே அமைப்பில் டெப் என்றொரு மதிப்பும் உண்டு. அதைப் போட்டுவிடாதீர்கள். கட்டும் கணினியில் என்ன கார்டு இருக்கிறதோ அதற்கு மட்டும்தான் சேர்க்கும். சர்வரில் இன்டெல் கார்டு, லைனில் ரியல்டெக் கார்டு என்றால் மறுபடி இதே கதைதான். ரியல்டெக் ஃபர்ம்வேர் கோப்புகளையும் சேர்த்தேன். அவை இல்லாமலும் கார்டு பெரும்பாலும் ஓடிவிடும், கர்னல் ஓர் எச்சரிக்கை வரியோடு விட்டுவிடும். ஆனாலும் டிஸ்க் இல்லாத சிஸ்டத்தில் கார்டு எழும் நேரத்தில் அந்தக் கோப்பு கையருகே இருக்க வேண்டும், அதற்கு இடம் இனிட்ராம்எஃப்எஸ்தான்.

இரவு ஒன்றரைக்குப் பழையதும் புதியதும் எழுந்தன. மாடியில் நான்கு மட்டும் எழவில்லை. அங்கே இருப்பது நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்ச். கர்னல் டிரைவர் கார்டைப் புதிதாக எழுப்பும்போது இணைப்பு ஒரு கணம் அறுந்து சேரும். ஸ்விட்சில் உள்ள ஸ்பேனிங் ட்ரீ என்ற வளையத் தடுப்பு முறை அதைப் பார்த்துவிட்டு, வளையம் ஏதும் உண்டாகிறதா என்று 15 வினாடி கேட்கும், 15 வினாடி கற்கும், பிறகுதான் போர்ட்டைத் திறக்கும். சிஸ்டத்தில் ஐபி கேட்கும் டிஹெச்சிபி நிரலோ அதற்குள் சில முறை கேட்டுவிட்டு, கிடைக்கவில்லை என்று விட்டுவிட்டது. சிஸ்டங்கள் செருகிய போர்ட்டுகளை எட்ஜ் போர்ட் (இந்தக் காத்திருப்பு இல்லாமல் உடனே திறப்பது) என்று அறிவித்ததும் நான்கும் வந்தன.

சனி காலை 24லும் ஸ்கேன் ஓடியது. வியாழன், வெள்ளி நோட்டுக் கணக்குகளை இரண்டு பேர் உட்கார்ந்து பண்டில் பண்டிலாக ஏற்றினார்கள். ஒரு நோட்டில் ஒரு அக்கா ஒவ்வொரு பண்டில் சீட்டையும் பசை போட்டு ஒட்டியே வைத்திருந்தார், அவர் கணக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. சாயங்காலம் சம்பளப் பட்டியல் வழக்கமான நேரத்துக்கு வந்தது.

அடுத்த வாரம் கட்டடங்களுக்கு நடுவே இருந்த செம்புக் கேபிளைக் கழற்றிவிட்டு ஃபைபர் இழுத்தோம். மின்னலுக்கு அதில் ஓட வழியில்லை. கடைக்காரத் தம்பியிடம் ஒரு பென் டிரைவ் கொடுத்திருக்கிறேன். அதில் எங்கள் கர்னலும் அதே இனிட்ராம்எஃப்எஸ்ஸும் இருக்கின்றன. புது போர்டு எது வந்தாலும், பில் போடுவதற்கு முன் கடையிலேயே ஒரு லேன் கம்பியைச் செருகி, அதில் பூட் செய்து, கர்னல் தன் சொந்த டிரைவரால் ஐபி வாங்குகிறதா என்று பார்ப்பார். எண்ணை மட்டும் பட்டியலில் ஒப்பிட்டால் போதாது, ஏனென்றால் 8168 என்ற ஒரே எண்ணுக்குள்ளேயே பல தலைமுறைச் சிப்கள் ஒளிந்திருக்கின்றன. போன மாதம் ஒரு போர்டில் ஐபி வரவில்லை என்று கூப்பிட்டார். "வேண்டாமுங்க தம்பி, வேற எடுங்க" என்றேன். "சரிங்ணா, வேற காட்டறேனுங்" என்று வைத்துவிட்டார்.